ரிப்போர்ட்டில் இல்லாத பெயர்

"நீயே உள்ள போய்க் கேட்டுட்டு வா. எனக்குக் கால் நிக்கல," என்று தையல்காரர் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். நாளைக் காலை குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். போகப்போவது மனைவியின் குரல், நடுங்குவது அவர் கால். சட்டைப்பையில் பிரிக்காத சிகரெட் பெட்டி. அவள் தொண்டையில் இருப்பது புற்றுநோய் என்று தெரிந்த அன்றிலிருந்து அவர் ஒன்றுகூடப் பற்றவைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிப் போடவும் இல்லை.

இருவரும் ஒரே அறையில் வேலை செய்து பிழைத்தவர்கள். அவர் மிஷினில், எதிரே முக்காலியில் அவள், பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டு. தெருப்புழுதி வெள்ளைத் துணியில் படிந்தால் லேசில் போகாது என்று ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். சாத்துகிறவளும் அவள்தான். அவர் விடும் புகை அவள் முகத்துக்கு வந்து, கூரைக்கு ஏறி, மறுபடி இறங்கி வரும். அவள் குரல் கட்டிக்கொண்டு ஆண்குரல் மாதிரி ஆனபோதுகூட முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. போனில் அவள் "சொல்லுங்க" என்றால், "மாஸ்டர், என் பேன்ட் ஆச்சா?" என்பார்கள் வாடிக்கைக்காரர்கள். "இந்தக் கடைக்கு இப்போ ரெண்டு மாஸ்டர்டி," என்று அவர் கேலி செய்வார்.

உள்ளே டாக்டர் தாளைத் திருப்பினார். "வளரச் சொல்ற ஜீன் ஒண்ணு இருக்கும்மா. எல்லார் உடம்புலயும் இருக்கறதுதான். வளர்ந்தது போதும்னா அது அடங்கணும். உங்க கட்டியில அடங்கவே இல்ல. அளவுக்கு மேல வேலை செய்யுது."

"அதைக் கிளப்பி விட்டது யாருங்க?"

டாக்டர் பேனாவை மூடினார். "புகையா இருக்கலாம். பக்கத்துல இருக்கறவங்க விடற புகையும் சேர்த்தி. தானாவும் நடக்கலாம். அது என்ன செய்யுதுன்னுதான் ரிப்போர்ட் சொல்லும். யாரால வந்ததுன்னு சொல்லாது."

"சொல்லவே சொல்லாதா?"

"சொல்லாதும்மா."

அவள் வெளியே வந்ததும் அவர் எழுந்து நின்றார். "என்னடி சொன்னாரு? என் புகைதானா?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் அவளிடம் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. 'ஆமாம்' என்று சொல்ல அவளுக்கு நாக்குத் துடித்தது. நாளைக்குப் பிறகு எதையும் எழுதித்தான் காட்ட வேண்டும். சொன்னது காற்றோடு போய்விடும். எழுதினது அப்படியே நிற்கும்.

"ஏதோ ஜீனாம். என் உடம்புலயே இருந்ததாம்." அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

"அப்போ நான் இல்லையே?"

"நீங்க எதுக்குங்க மனசைப் போட்டுக் குழப்பிக்கறீங்க?"

அவர் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, "மடையன், நான் ஒரு மடையன். என்னையே கொன்னுக்கிட்டிருந்தேன் பாரு," என்று சிரித்தார். "வார்டுக்குப் போய்ப் படு. ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் படுக்கவில்லை. வார்டு ஜன்னலுக்கு நேர் கீழே, மதிலோரம் அவர் நிற்பது தெரிந்தது. பெட்டியின் மேல்தாளை, நூல் அறுப்பதுபோலப் பல்லால் கடித்து இழுத்தார். குச்சியைக் கிழித்தார். முதல் புகை அவர் தலைக்கு மேலே எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு மேலே வந்தது.

கண்ணாடி ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். ஆணி அடித்து மூடியிருந்தார்கள்.

"என்னங்க..." என்று இருக்கும் குரலையெல்லாம் திரட்டிக் கூப்பிட்டாள். மூச்சுப் பட்டு எதிரே கண்ணாடி வட்டமாக வெளுத்தது. கீழே நின்றவர் அந்த வெளுப்புக்குள் மறைந்துபோனார்.