பதினேழாம் நம்பர் தையல்

"பதினேழாம் நம்பரு யாருட்டி இங்கன?"

வாசலில் நின்ற பெண் கேட்ட குரலுக்கு மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவள் கையில் ஒரு நீலக் கோட்டு இருந்தது. ஜெபிதாவுக்கு அது பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சங்கரன்கோவிலில் இந்த ஒரு தையல் கம்பெனியில்தான் உலையருகே நிற்கிறவர்களுக்கான தீப்பிடிக்காத உடுப்பு தைக்கிறார்கள். கழுத்துப்பட்டிக்கு உள்ளே தைத்தவரின் நம்பர் இருக்கும். பதினேழு அவளுடையது.

"நாந்தான்க்கா."

வந்தவள் சங்கரம்மாள், குருவிகுளம் பக்கம். அவள் புருஷன் மருதப்பன் ஒரு பவுண்டரியில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுகிறவர். பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவள் கோட்டை ஜெபிதாவின் மிஷின்மேல் எறிந்தாள்.

"நல்லா விரிச்சுப் பாரு. துணியில ஒரு பொட்டு பொசுங்கல் இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் தோலே இல்ல. அது எப்படிட்டி?"

ஜெபிதா கோட்டைத் திருப்பினாள். வலப்பக்க விலாத் தையல் முழுக்கத் திறந்து கிடந்தது. துணி எங்கும் கிழியவில்லை. ஊசி போன துளைகள் வரிசையாக அப்படியே இருந்தன, நூலைத்தான் காணோம். தையல் முடியும் இடத்தில் கடுகு போலக் கறுத்து இறுகிய இரண்டு உருண்டைகள் மட்டும் ஒட்டியிருந்தன. நூல் உருகித் தையல் வாய் பிளந்ததும் தெறித்த இரும்பு உள்ளே போயிருக்கிறது. யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

துணி மட்டுமல்ல, தைக்கிற நூலும் தீயைத் தாங்க வேண்டும் என்பது விதி. கம்பெனி தொடங்கியபோது அதைச் சொன்னவர் முதலாளி சாம்சுந்தரேதான். அந்த முரட்டு நூல் ஊசியை ஒடிக்கும், விரலை அறுக்கும். பரிசோதனைக்கு அனுப்பிய முதல் கோட்டை ஜெபிதாதான் அதில் தைத்தாள். தரச்சான்று வந்த அன்று எல்லாருக்கும் பப்ஸும் டீயும் கொடுத்து, அதைக் கண்ணாடி போட்டுத் தன் நாற்காலிக்கு மேலே மாட்டினார். பொங்கல் கழிந்ததும் நூல் மாறி, மலிவானது வந்தது. புதுசு பளபளவென்று வழுக்கிக்கொண்டு ஓடியது. ஜெபிதா ஒரு துண்டைத் தீக்குச்சியில் காட்டினாள். அது சுருண்டு, சொட்டி, அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. முதலாளியிடம் போய்க் காட்டினாள். "துணிதாம்மா காப்பாத்தும். நூல்ல என்ன இருக்கு?" என்றார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்து தைத்தாள். 'நான் கேட்டுட்டேன்' என்ற ஒற்றைச் சமாதானத்தில் இத்தனை மாதம் தைத்திருக்கிறாள்.

சத்தம் கேட்டு சாம்சுந்தர் வந்தார். கோட்டைத் தொடாமல் எட்டிப் பார்த்தார்.

"பட்டனைச் சரியாப் போட்டிருக்க மாட்டாரும்மா. நம்மகிட்ட சர்ட்டிபிகேட் இருக்கு. வேணும்னா வந்து பாருங்க."

"அந்த சர்ட்டிபிகேட்டுக்கு அனுப்புன கோட்டு வேற நூலு, அண்ணாச்சி," என்றாள் ஜெபிதா.

சாம்சுந்தர் அவள் பக்கம் நிதானமாகத் திரும்பினார்.

"தச்சது யாரு? நம்பரு உன்னுதுதான?"

யாரும் தலை நிமிரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன் வரிசையில் நின்று பாடுகிற அதே வாய். அந்த வாயின்மேல் ஜெபிதாவுக்கு வந்த ஆத்திரத்தைவிட, அது சொன்னதில் பாதி உண்மை என்பதில் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது.

வெளியே மினி லாரியில் இருநூறு கோட்டுகள் கட்டுக்கட்டாக ஏறியிருந்தன. டிரைவர் இசக்கித்துரை கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஜெபிதா நேராகப் போய்ச் சக்கரத்தில் கால் வைத்து ஏறிக் கட்டுகளின்மேல் உட்கார்ந்தாள்.

"எக்கா, எறங்குங்க. லேட்டாவுது."

"இது போவாது. போற எடத்துல இன்னும் இருநூறு பேரு இத மாட்டிக்கிட்டு நெருப்புகிட்ட நிப்பானுவ. பேக்டரி இன்ஸ்பெக்டரு வந்து பாக்கட்டும், அப்புறம் எறங்குதேன்."

சங்கரம்மாள் புருஷனின் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து கையை நீட்டினாள். ஜெபிதா அவளைத் தூக்கி ஏற்றினாள். இருவருக்கும் மூச்சிரைத்தது.

"உன்ன நான் மன்னிக்கல, பாத்துக்கோ," என்றாள் சங்கரம்மாள்.

"வேண்டாம்க்கா."

"ஏலே, வண்டிய எடுலே!" சாம்சுந்தர் படியிலிருந்து கத்தினார். "எடுத்தா தானா எறங்குவாளுவ!"

இசக்கித்துரை கயிற்றை விட்டான். ஒரு கட்டுக்குள் கைவிட்டு ஒரு கோட்டை உருவினான். விலாத் தையலைப் பிரித்துப் பார்த்தான். லைட்டரை எடுத்துத் தையல் ஓரம் காட்டினான். நெருப்பு பட்ட இடத்தில் கோட்டு சத்தமில்லாமல் வாய் திறந்தது. அவன் டிரைவர் சீட்டுப் பக்கம் குனிந்து வண்டிச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எதிர்ப்புற டீக்கடைக்கு நடந்தான்.

கரிவலம்வந்தநல்லூர் பஸ் லாரியைத் தாண்ட இடமில்லாமல் நின்று ஹாரன் அடித்தது. ஜன்னல்தோறும் தலைகள் நீண்டன. உச்சி வெயிலில் சங்கரம்மாள் தன் புருஷனின் அந்த ஒற்றைக் கோட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தாள். பிளந்த விலா வழியாக ஒரு கோடு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.