போட் ஏறத் தெரிந்த ஆன்டிவைரஸ்

அப்துல் வாஹித்துக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. அந்தமானில் பாம்பூஃப்ளாட்டில் வீடு, கடலுக்கு அந்தக் கரையில் போர்ட் பிளேர் துணிக்கடையில் வேலை. தினமும் காலையில் போட் ஏறி அந்தக் கரைச் சாத்தம் துறையில் இறங்குவார். தினம் கரை தாண்டுகிறவரிடம் ஊர் சும்மா இருக்குமா? ஒருத்தர் மருந்துச் சீட்டைக் கொடுப்பார், ஒருத்தி ரவிக்கைத் துணியைக் கொடுப்பாள். போட்டில் போகிற எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டுதான். ஆனால் வாஹித்தின் பை மட்டும் தபாலாபீஸ் பை மாதிரி வீங்கியிருக்கும்.

சுனாமி போய் நாலைந்து வருஷம் கழித்து அந்தப் பையில் பென் டிரைவும் சேர்ந்துகொண்டது. "அரே பாய், ஜரா புதுப் பாட்டு ஏத்திக்கிட்டு வாங்க!" கடைக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஏற்றிக்கொண்டு வருவார். சரியாக ஏறியிருக்கிறதா என்று தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்த பிறகே உரியவரிடம் ஒப்படைப்பார். அவ்வளவு நேர்மை! அந்த நேர்மைதான் வினையாகப் போயிற்று.

அந்தக் கம்ப்யூட்டர் உண்மையில் அவர் மனைவி மஸூதாவினுடையது. அவள் அதை வாங்கச் சொன்னதே ஒரே ஒரு காரியத்துக்காக. கார் நிக்கோபார் தீவில் கடையில் வேலை பார்த்த வாஹித்தின் தம்பி சுஹைலைச் சுனாமியில் கடல் கொண்டுபோய்விட்டது. இங்கே வீட்டுக்குள் வந்த தண்ணீர், பெட்டியில் இருந்த ஆல்பங்களைக் கூழாக்கிவிட்டது. அவன் முகம் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட மிஞ்சவில்லை. மஸூதா விடவில்லை. எந்தக் கல்யாணத்துக்கு அவன் போனான், அங்கே யார் வீடியோ எடுத்தார்கள் என்று மெயின்லேண்டுக்கெல்லாம் ஃபோன் போட்டுத் துருவி, கீழக்கரையில் ஒரு கேசட்டைப் பிடித்துவிட்டாள். பூஞ்சை பிடித்த கேசட். கம்ப்யூட்டருக்கு மாற்றும்போதே நாடா அறுந்து நாசமாயிற்று. ஆனால் அதற்குள் சுஹைல் வந்து சேர்ந்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் சோற்றின் முன்னால் உட்கார்ந்து, கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்ற தன் காக்காவை, அண்ணன் வாஹித்தைக் கூப்பிடுகிறான்: "காக்கா, வாங்க, சோறு ஆறுது!" அவ்வளவுதான் மொத்தமும். உலகத்தில் அவன் குரல் இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

ஒருநாள் அந்த வீடியோ இருந்த ஃபோல்டர் திறக்கவில்லை. தட்டினார் வாஹித், மறுபடி தட்டினார். பெட்டி முனகியதே தவிர அசையவில்லை. மஸூதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் படித்தாள். வாஹித் எந்த ஜன்னல் முளைத்தாலும் 'ஓகே'யை அமுக்கிவிட்டுப் போகிற ரகம். அவள் ஒரு எழுத்து விடாமல் படிக்கிற ரகம்.

"மச்சான், இங்க பாருங்க. ஃபோல்டர்னு இருக்க வேண்டிய இடத்துல அப்ளிகேஷன்னு போட்டிருக்கு. இது நம்ம ஃபோல்டர் இல்ல. வேற எவனோ அதே சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கிறான்."

வாஹித்துக்குத் தன் பையில் இருந்த பென் டிரைவ்கள் ஒவ்வொன்றாய் ஞாபகத்துக்கு வந்தன.

சென்னையில் இருக்கிற அவள் தம்பி ஃபோனில் அக்காவுக்குச் சுலபமாகச் சொல்லிவிட்டான்: "விலை குடுத்தெல்லாம் வாங்காதே லாத்தா. ஃப்ரீ ஆன்டிவைரஸே போதும். போட்டு விட்டா தினமும் அதுவே அப்டேட் ஆயிக்கும்." அந்த 'அதுவே'யில்தான் இருந்தது சிக்கல். தீவுக்கு இன்டர்நெட் வானத்திலிருந்து சேட்டிலைட் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த காலம். மேகம் மூடினால் அதுவும் இல்லை.

வாஹித் பிரவுசிங் சென்டரிலிருந்து மூன்று ஆன்டிவைரஸ்களைக் கொண்டுவந்தார். முதலாவது பகட்டுக்காரி. பச்சைக் கேடயம், பேசக்கூடச் செய்தது. வாஹித் மயங்கிவிட்டார். ஆனால் புதிய வைரஸ்களின் அடையாளத்தை நெட்டில் நேராக இறக்கினால்தான் உண்டு என்றது. பாதி இறங்கும், அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது, பெயரைப் பதிவு செய்தால்தான் வேலையைத் தொடங்குவேன் என்று அடம்பிடித்தது, அதற்கும் நெட். மூன்றாவது பார்க்கச் சகிக்காது. சாம்பல் நிறம், பொடி எழுத்து.

"இது என்ன புள்ள, கவர்மென்ட் ஃபாரம் மாதிரி இருக்கு?"

"மூஞ்சியை வச்சு என்ன பண்றது? நான் ஒண்ணுதான் கேக்குறேன். இது போட் ஏறுமா?"

"போட்டா? ஆன்டிவைரஸா?"

"அப்டேட்டைத் தனி ஃபைலா எடுத்து, நீங்க பையில வச்சு போட்ல கொண்டுவர முடியுமா? இதுல முடியும். உள்ள எழுதியிருக்கு, படிச்சேன். மெயின்லேண்டுக்கு எது நல்லதோ இருக்கட்டும். நமக்குப் போட் ஏறுறதுதான் வேணும்."

இத்தனை வருஷம் தினமும் போட் ஏறுகிறவருக்குத் தோன்றவில்லை பாருங்கள்! வாஹித் அசந்துபோனார். "சரி, நாளைக்கே பென் டிரைவ்ல..." என்று தொடங்கினார்.

"பென் டிரைவா? இவனைக் கூட்டிக்கிட்டு வந்ததே அதுதானே! சிடியில எழுதி வாங்குங்க. எழுதி மூடின சிடியில புதுசா எவனும் தொத்த முடியாது."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் சிடியைப் போட்டார்கள். ஆன்டிவைரஸ் நிதானமாக மேய்ந்து, பெரிய பட்டியலைக் காட்டி, அழிக்கட்டுமா என்று கேட்டது. மஸூதா முழுக்கப் படித்துவிட்டு அழுத்தினாள். பட்டியல் மறைந்தது. கூடவே எல்லா ஃபோல்டரும் மறைந்தது. திரை வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"போச்சு! எல்லாம் போச்சு! தண்ணியில ஒரு தடவை போனான், இப்ப நம்ம கையாலேயே..." வாஹித்துக்குப் பென் டிரைவ் சொருகிய கையை அப்படியே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

மஸூதா பதறவில்லை. அந்த டிரைவில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தாள். வட்டத்தில் முக்கால்வாசி நீலம்.

"மச்சான், வீடு காலின்னா இடமும் காலியா இருக்கணும்ல? இங்க ஆளுங்க இருக்காங்க. அந்த வைரஸ் பய இவங்களை உள்ள தள்ளிப் பூட்டிட்டு வாசல்ல நின்னிருக்கான். அவன்தான் செத்தான்."

மறைந்திருப்பதையும் காட்டு என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தாள். வெளிறிய நிறத்தில், ஒன்றன்பின் ஒன்றாக ஃபோல்டர்கள் எழுந்து வந்தன. அவற்றில் ஒன்று, 'சுஹைல்'. திறந்தாள்.

"காக்கா, வாங்க, சோறு ஆறுது!"

வாஹித் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு மனைவியைப் பார்த்தார். கடலிடமிருந்து ஒரு தடவை, சட்டை மாற்றி நின்ற இந்த வைரஸிடமிருந்து இன்னொரு தடவை, இரண்டு தடவை தன் தம்பியை மீட்டவள் வெங்காயம் நறுக்க எழுந்து போய்க்கொண்டிருந்தாள். இப்படிப்பட்டவளைத் தனக்குக் கட்டிவைத்தார்களே என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

மறுநாள் காலையில் அவள் சுஹைலின் வீடியோவை எழுதிய ஒரு சிடியை நீட்டினாள். "வைரஸை விரட்டத்தான் ஆன்டிவைரஸ். பெட்டியே தண்ணியில போனா அதுவும் சேந்துதான் போகும். அந்தக் கேசட் நமக்குக் கெடச்சதே அது வேற ஊர்ல இருந்ததாலதானே? இதுவும் வேற ஒரு வீட்டுல இருக்கட்டும்."

போட் நிற்கும் ஜெட்டியில் முருகையா நின்றார். சாத்தம் மரமில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வடக்கே இன்னொரு தீவான லாங் ஐலண்டில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். ஊரார் சாமான்களையெல்லாம் சுமந்த வாஹித் தன் சாமான் எதையும் யாரிடமும் கொடுத்தனுப்பியதில்லை. இன்று பையைத் திறந்து சிடியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அண்ணே, இதை உங்க மக வீட்டுல வச்சிருக்கச் சொல்லுங்க."

"என்ன பாய், புதுப் பாட்டா?"

"இல்லண்ணே, என் தம்பி. பத்திரமா கூட்டிட்டுப் போங்க."