கயிற்றுப் பாலத்தில் ஒரு நட்டு

போர் என்றால் எந்நேரமும் சுட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு நினைப்பு. கடல் கடந்து வந்து பார்த்தால்தான் தெரியும், முக்கால்வாசி நேரம் கொட்டாவி விடுவதுதான் உத்தியோகம். அந்தக் கொட்டாவிக்கு மருந்தாக, முகாமின் தொலைபேசி அறையில் ஆபரேட்டர் ஓர் ஆட்டத்தை உருவாக்கியிருந்தார். குண்டுப் பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டு, பெயின்ட்டால் கட்டம் கட்டி, பாலைவனம், மலை, கயிற்றுப் பாலம் எல்லாம் வரைந்து, கடைசிக் கட்டத்தில் ‘வீடு’ என்று எழுதிவைத்தார். வழி தவறிய நாலு பேர் வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். சமையல்காரருக்குக் காய் ஒரு பாட்டில் மூடி. மெக்கானிக்குக்கு ஸ்பார்க் பிளக். ஆபரேட்டருக்குச் சட்டைப் பொத்தான். லாரி டிரைவர் ஒட்டகத்துக்குச் சக்கரத்து நட்டு.

ஒட்டகம் என்பது கழுத்து நீளத்தால் வந்த பெயர். தங்கமான பையன், பகடையைத் தொட்டால் மட்டும் திருட்டுப்பயல். மூன்று விழுந்தால் சுண்டுவிரலால் தட்டி ஐந்தாக்கிவிடுவான். வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் மனைவியிடம் ஆட்டத்தைத்தான் அளப்பான். கேட்டுக் கேட்டு அவளுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

“இனிமே உங்க காயை நான்தான் ஆடுவேன். பகடையை ஆபரேட்டர் அண்ணன் உருட்டட்டும். உங்களை நம்பறதுக்கு நான் என்ன இளிச்சவாயா?” என்று சொல்லிவிட்டாள்.

அதுவே வழக்கமாகிப்போனது. ஞாயிறு மதியம் அவள் கூப்பிடுவாள். ஆபரேட்டர் ஒரு கையில் ரிசீவரைப் பிடித்தபடி தகரத் தட்டில் பகடையை உருட்டுவார். சத்தம் அவள் காதில் விழ வேண்டும், எண்ணை அவர் வாயால் சொல்ல வேண்டும். ஒரு தடவைகூட அவர் மாற்றிச் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ஞாயிறு காலை தண்ணீர் லாரி கண்ணிவெடியில் ஏறியது. ஒட்டகத்தைப் போர்வையில் சுருட்டிக் கொண்டுவந்தார்கள். சமையல்காரர் ஆட்டப் பலகையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். மெக்கானிக் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

மேஜர் அறைக்கு வந்தார். “அவன் வீட்டுக்கு நம்ம ஆளுங்க நேர்ல போய்ச் சொல்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தலைமையகத்து லைனைத் தவிர எல்லாத்தையும் கட் பண்ணிடுங்க.”

“சரி சார்,” என்றார் ஆபரேட்டர். ஒட்டகத்தின் மனைவி கூப்பிடுவதே அந்த லைனில்தான் என்பது துக்கத்தில் அவருக்கு உறைக்கவில்லை. வெளியே கொடுக்கக் கூடாத அந்தத் தொலைபேசி எண்ணை மனைவிக்குக் கொடுத்தவன் அவன். கண்டும் காணாமல் விட்டவர் இவர்.

மதியம் மணி அடித்தது. தலைமையகம் என்று நினைத்து எடுத்தார்.

“அண்ணே, எங்க அவரு?”

“வேலையாப் போயிருக்கான்மா.”

“ஞாயித்துக்கிழமைகூடவா? அந்த மனுஷன் லாரியைத்தான் கட்டியிருக்கணும். சரி, நீங்க உருட்டுங்க.”

“இன்னைக்கு வேணாம்மா.”

“ஐயோ, எத்தனை வாரமாண்ணே பாலத்துலயே நிக்கறது? எனக்கே கால் கடுக்குது. அவரு வந்தா தட்டி விட்டுருவாரு. இல்லாதப்பவே முடிச்சிடுவோம்.”

ஆபரேட்டர் துண்டை விலக்கினார். நட்டு பாலத்தின் நடுவில் நின்றது. இரண்டு முதல் ஐந்துவரை விழுந்தால் நின்ற இடம், ஆறு விழுந்தால் அக்கரை. ஒன்று விழுந்தால் பாலம் அறுந்து ஆள் காலி, மறுபடி ஆட்டத்துக்கு வர முடியாது. அந்த விதியை எழுதியதும் அவர்தான், சுவாரசியத்துக்காக. உருட்டினார். பகடை தட்டைச் சுற்றி ஓடி நின்றது. ஒற்றைப் புள்ளி.

“சத்தம் கேட்டுச்சு. என்னண்ணே விழுந்துச்சு?”

இன்றைக்கோ நாளைக்கோ இடி விழப்போகிற வீடு, அதுவரைக்குமாவது சிரிக்கட்டும் என்று தோன்றியது.

“ஆறும்மா,” என்றார்.

“அத்தே, உங்க பிள்ளை பாலத்தைத் தாண்டிட்டாரு!” என்று அவள் உள்ளே பார்த்துக் கத்தினாள். பிறகு சிரித்தபடி, “இனிமே நேரா வீடுதாண்ணே. இருங்க, யாரோ கதவைத் தட்டுறாங்க. வெச்சிடாதீங்க, வந்துடறேன்.”

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், தாழ்ப்பாள் சத்தம். ஓர் ஆண் குரல் தணிவாகப் பேசியது. நாற்காலி இழுபட்டது. “உட்காருங்கம்மா” என்றது குரல். வைத்துவிடு, வைத்துவிடு என்று மனம் அடித்துக்கொண்டது, கை கேட்கவில்லை. மாமியாரின் அலறல் மட்டும் கேட்டது.

அப்புறம் யாரோ ரிசீவரை எடுத்தார்கள். மூச்சு இரைத்தது.

“அண்ணே, யாரோ ரெண்டு பேர் வந்து என்னென்னமோ சொல்றாங்க. வீடு மாறி வந்துட்டாங்கன்னு நினைக்கிறேன்.” குரல் இறங்கியது. “நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. ஆறுதானே விழுந்துச்சு?”

ஆபரேட்டர் தட்டைப் பார்த்தார்.

“இல்லம்மா,” என்றார். “ஒண்ணு.”