தலைவலிக் குறிப்பேடு, திருத்திய படி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என்னிடம் எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. ஒரு நரம்பியல் டாக்டர்தான் கேட்டார். அதுவும் கதையாக அல்ல. "மூணு மாசத்துக்குத் தலைவலிக் குறிப்பேடு எழுதிட்டு வாங்க. என்ன தேதி, எவ்வளவு நேரம், என்ன மாத்திரை போட்டீங்க. அவ்வளவுதான்" என்றார். நோயாளி என் மனைவி. ஒற்றைத் தலைவலி வந்துவிட்டால் அவளால் வெள்ளைத் தாளைப் பார்க்க முடியாது, வெளிச்சம் கண்ணுக்குள் குத்தும். அதனால் எழுதுகிற வேலை வீட்டிலிருந்த எழுத்தாளன் தலையில் விழுந்தது. அந்த எழுத்தாளன் நான்.

'நான்' என்று எழுத ஆரம்பித்தால் என் பக்கத்து நியாயங்களெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன், மூன்றிலும் நான் நல்லவனாகவே முடிந்தேன். ஆகவே இனி அந்த ஆளை 'அவன்' என்றே எழுதப் போகிறேன்.

(நல்ல வசதி.)

அடைப்புக்குறிக்குள் இருப்பது மனைவி பென்சிலால் ஓரத்தில் எழுதியது. அவள் எழுதிய எதையும் நீக்க எனக்கு அனுமதி இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

2

முதல் தொடக்கம்: "அவளுடைய இடது கண்ணின் ஓரத்தில் ஒரு வெள்ளி நதி நெளியத் தொடங்கிய அந்தக் காலையில், நகரம் தன்—"

(நதியும் இல்லை கிதியும் இல்லை. கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி மினுக்கும். அவ்வளவுதான்.)

இரண்டாம் தொடக்கம்: "வலி என்பது மொழிக்கு முந்தையது. ஆகவே வலியை எழுதுகிறவன்—"

(இதைப் படிச்சே வலிக்குது.)

மூன்றாம் தொடக்கம்: "அவள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பவள்."

(இது சரி.)

சரியென்றால் இதிலிருந்தே போவோம். அறையில் எட்டு மேஜைகள், மேஜைக்கு இரண்டு திரை. ஜன்னல்களுக்கு எப்போதும் திரைச்சீலை. அவளுக்குக் காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை வேலை. கூப்பிடுகிறவர் அழுவார், கத்துவார், சிலர் இவளையே திட்டுவார்கள். இவள் பதிலுக்குச் சொல்வது பெரும்பாலும் நாலே வாக்கியம். "எங்க இருக்கீங்க? மூச்சு இருக்கா பாருங்க. போனை வைக்காதீங்க. வண்டி கிளம்பிடுச்சு." பதினோரு வருடமாக இந்த நாலையும் குரல் ஏறாமல் இறங்காமல் சொல்லி வருகிறாள். காதில் மாட்டும் ஹெட்செட்டின் பட்டை சரியாக வலி உட்காருகிற இடத்தில்தான் அழுத்தும். இதை நான் கற்பனையாகச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் 'இவ்வளவு பொருத்தமா?' என்று நீங்களே சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

3

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அது பொய். தனக்கு வராதவனுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறது. மேற்பார்வையாளர் கண்ணாடியை மாற்றச் சொன்னார். அவளுடைய அண்ணன் தண்ணீர் குடிக்கச் சொன்னார், பிறகு காபியை விடச் சொன்னார், பிறகு காபி குடித்துப் பார்க்கச் சொன்னார். மாடி வீட்டுக்காரர், "எனக்கும் ஒரு தடவை வந்துச்சு, ஒரு தூக்கம் போட்டேன், போயிடுச்சு" என்றார். இவர்கள் எல்லோரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டி, அந்த டியூப்லைட்டை மாட்டிவிட வேண்டும் என்று அவள் ஒருநாள் சொன்னாள்.

அவன் என்ன செய்தான்? அவனால் முடிந்தது எழுத்து. பெரிய அட்டையில் கட்டம் போட்டு, மருந்துகளை ஒப்பிட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான். ஒரு பக்கம், வலி வந்த பின் போடுகிற மாத்திரைகள்: சாதாரண வலி மாத்திரை, அதற்கு அடங்காவிட்டால் சுமட்ரிப்டான். மறு பக்கம், வலி வராமலிருக்கத் தினமும் போடுகிறவை. இந்தத் தினசரி மாத்திரைகளைப் படிக்கப் படிக்க அவனுக்கு எரிச்சல் வந்தது. ஒன்று இரத்த அழுத்தத்துக்காக வந்தது. ஒன்று வலிப்புக்காக. இன்னொன்று மனச்சோர்வுக்காக. தலைவலிக்கென்று பிறந்தது மாதம் ஒரு முறை போடுகிற அந்த ஊசி மட்டும்தான். அதையும் மற்றவற்றில் இரண்டையாவது போட்டுத் தோற்ற பிறகுதான் தருவார்களாம்.*

* மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்தால் மேஜைவிரிப்பு அளவுக்கு விரிகிறது. தூக்கம் வரலாம், வராமலும் போகலாம். எடை கூடலாம், குறையலாம். பக்கவிளைவுப் பட்டியலில் ஏழாவதாக 'தலைவலி' என்று இருந்தது. அதை அவளிடம் வாசித்துக் காட்டியது அவன் செய்த முதல் தவறு. இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது.

4

இந்த இடத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். "ஒரு படைப்பாளியின் இயல்பான உந்துதலால் அவன்—" வேண்டாம். "குறிப்பேட்டை ஒழுங்குபடுத்தும் நோக்கில்—" சீ.

நடந்தது இது. தொண்ணூறு நாளில் முப்பத்து நாலு நாள் அவளுக்கு வலித்தது. ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல, அவன் ஒரு பழைய நோட்டில் கிறுக்கிக்கொண்டான். டாக்டரிடம் போவதற்கு முந்தைய வாரம் புது நோட்டில் அழகாகப் பெயர்த்து எழுதினான். பெயர்த்து எழுதும்போது திருத்தினான். திருத்தும்போது, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிற நாட்களை எடுத்துவிட்டான். பிரமாதமான ஒன்பது நாள் மிஞ்சியது. ஒன்றில் அவள் வண்டியை ஓரம் கட்டி வாந்தி எடுக்கிறாள். இன்னொன்றில் பாதித் திரை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பக்கத்துக்குப் பக்கம் வேகம் கூடிற்று.

டாக்டர் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். அவன் வெட்கப்படாமல் மகிழ்ந்தான். இதை நான் ஒளிக்கப் போவதில்லை.

டாக்டர் விரல் விட்டு எண்ணினார். "மூணு மாசத்துல ஒன்பது. மாசத்துக்கு மூணு. இதுக்கு இப்போதைக்குத் தினசரி மாத்திரை தேவைப்படாது. சுமட்ரிப்டான் எழுதறேன். வலி ஆரம்பிச்ச உடனே போட்டுக்கங்க."

கறுப்புக் கண்ணாடி போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்த அவள் தலையை நிமிர்த்தினாள். அன்றும் அவளுக்கு வலி. "மூணுதானா டாக்டர்? எனக்கு அதைவிட அதிகமா தோணுதே."

"வலிக்கும்போது அப்படித்தான் தோணும். அதுக்குத்தான் எழுதி வைக்கச் சொல்றது."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் நோட்டைப் பார்த்தான். அவள், "அப்போ எனக்குத்தான் கணக்கு தப்பு போல" என்றாள்.

இந்த வாக்கியத்தை எந்தக் கோணத்திலிருந்து எழுதினாலும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'கொஞ்சம்தானே எடுத்தோம், சாரம் இருக்கிறதே' என்று நினைத்தான்.

5

மாதத்துக்கு மூன்று என்று எழுதியிருந்ததால், சுமட்ரிப்டானை மாதத்துக்குப் பத்து நாளுக்கு மேல் போடக் கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல என்ன தேவை? மூன்றுதானே. அவள் வலித்தபோதெல்லாம் போட்டாள். முதல் மாதம் பன்னிரண்டு நாள், அடுத்த மாதம் பதினாலு நாள், மூன்றாம் மாதம் பதினாறு நாள். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்களே, இங்கே தலைவலி போய்த் தலைவலியே வந்தது. போட்ட மாத்திரை இறங்கும்போது அடுத்த வலியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் பதினாறாவது மாத்திரையைப் போட்ட நாள், காலை ஒன்பது மணிக்கு ஒரு முதியவர் கூப்பிட்டார். அவர் மனைவி சமையலறையில் விழுந்துவிட்டார். அவர் சொன்ன கதவு எண் எழுபத்தெட்டு. திரையின் இடப் பாதி மினுக்கலில் மறைந்திருந்தது. அவள் தட்டியதில் எட்டு மட்டும் விழுந்தது, ஏழு விழாதது கண்ணில் படவில்லை. வண்டி தெருவின் மறுகோடிக்குப் போய்த் திரும்பியது. ஆறு நிமிடம் தாமதம். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அந்த ஆறு நிமிடமும் முதியவரோடு போனில் இருந்தவள் இவள்தான். "வண்டி கிளம்பிடுச்சு" என்பதைப் பதினாலு முறை சொன்னாளாம்.

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. "உன் தலையை முதல்ல சரி பண்ணிட்டு வா. ஆறு வாரம் டைம் தர்றேன். அதுவரைக்கும் பதிவேட்டு மேஜையில உட்காரு. அப்புறமும் இப்படின்னா, போன்ல உட்கார வைக்க என்னால முடியாதும்மா" என்றார். பழைய அழைப்புகளைக் கோப்பில் சேர்க்கிற மேஜை அது. பக்கத்தில் போன் அடிக்கும், எடுக்கக் கூடாது.

அன்று மாலை மருந்துக் கடையில் இருந்த பெண் சுமட்ரிப்டான் அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த மாசம் இது மூணாவது அட்டை. மாசத்துக்கு எத்தனை நாள் வலிக்குது?"

"மூணு" என்றாள் அவள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

6

இனி 'அவன்' வேண்டாம். இந்தப் பகுதியில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அவள் வீட்டுக்கு வந்து என் மேஜை இழுப்பறையைத் திறந்து பழைய நோட்டை எடுத்தாள். முப்பத்து நாலு நாளும் அதில் இருந்தன. இருபத்தைந்து நாட்களுக்குக் குறுக்கே என் சிவப்புக் கோடு. ஓரத்தில் என் கையெழுத்தில், "மீண்டும் வருகிறது, நீக்கு." "இதுவும் அதே." "சலிப்பு." ஒன்றில் மட்டும், "நல்ல வரி, ஆனால் நாள் சாதாரணம்."

"இது என்ன?" என்றாள்.

"அது... எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு."

"எனக்கும் ஒரே மாதிரிதாங்க இருந்துச்சு."

அதற்குப் பிறகும் அவள் கத்தவில்லை. கத்தினால் தலை வலிக்கும். மெதுவாகவே பேசினாள். "நானே பைத்தியம் மாதிரி யோசிச்சுட்டு இருந்தேன். மூணு தடவை வர்ற வலிக்கு இப்படிக் கிடக்கிறோமே, நடிக்கிறோமோன்னு. என் தலையை நம்பாம உங்க நோட்டை நம்பினேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. அதுவும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

7

இரண்டாவது முறை பழைய நோட்டோடு போனோம். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு மனமில்லை. அவளிடம்தான் பேசினார். "முதல்ல சுமட்ரிப்டானை நிறுத்தணும். நிறுத்தினா சில வாரம் இன்னும் மோசமாகும். தாங்கிக்கணும். கூடவே ஒரு தினசரி மாத்திரை ஆரம்பிக்கலாம்."

இரத்த அழுத்த மாத்திரை அவளுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு, அந்த மாத்திரை அதைக் கூட்டிவிடும். வலிப்பு மாத்திரையைப் பற்றி, "நல்லா கேட்கும். ஆனா சிலருக்குப் பேசும்போது வார்த்தை சட்டுனு வராது" என்றார்.

"என் வேலைக்கு வேண்டியதே நாலு வரிதான் டாக்டர். அதுல ஒண்ணு லேட்டானாலும் அங்கே ஒருத்தர் தரையில கிடப்பாங்க."

மிச்சமிருந்தது மனச்சோர்வு மாத்திரை. குறைந்த அளவு, சாயங்காலம் போட வேண்டும், காலையில் மந்தமாக இருக்கும், வாய் உலரும். "வாய் உலர்ந்தா தண்ணி குடிச்சுக்கறேன். காலை ஷிஃப்டை மதியத்துக்கு மாத்திக் கேட்கறேன். இதையே குடுங்க" என்றாள். என்னைக் கேட்கவில்லை.

இப்போது முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: ஆறு வாரம் கழித்து அவள் ஹெட்செட்டை மாட்டுகிறாள். முதல் அழைப்பு. "எங்க இருக்கீங்க?" குரல் தெளிவாக—

(ஆசையைப் பாரு.)

முடிவு இரண்டு: மாத்திரை தோற்கிறது. வலிப்பு மாத்திரையைப் போடுகிறாள். ஒரு நாள் போனில், "மூச்சு இருக்கா" என்று கேட்க வேண்டிய இடத்தில் அந்த—

(இது உங்க கதைக்கு நல்லாயிருக்கும். எனக்கு?)

முடிவு மூன்று: இரண்டும் தோற்று, கடைசியில் அந்த ஊசி—

(அதுக்குள்ள ஆறு வாரம் முடிஞ்சிடும், எழுத்தாளரே.)

8

குறிப்பேட்டை இப்போது அவளே எழுதுகிறாள். வெள்ளைத் தாள் ஆகாது என்று சாம்பல் நிறத் தாளில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இங்கே சேர்க்க அனுமதி கேட்டேன். "ஒரு வரி விடாம போடறதா இருந்தா போடுங்க" என்றாள். இதில் 'மாத்திரை' என்றால் நிறுத்திய சுமட்ரிப்டான்; சாயங்கால மாத்திரையை அவள் கணக்கில் எழுதுவதில்லை.

நாள் 1. வலி. மாத்திரை போடலை.
நாள் 2. வலி. மாத்திரை போடலை.
நாள் 3. வலி. மாத்திரை போடலை. வேலைக்குப் போகலை.
நாள் 4. வலி. மாத்திரை போடலை.
நாள் 5. வலி. மாத்திரை போடலை.
நாள் 6. வலி. மாத்திரை போடலை.
நாள் 7. வலி. மாத்திரை போடலை.
நாள் 8. வலி. மாத்திரை போடலை.
நாள் 9. வலி இல்லை.

கண்ணை ஓட்டிக்கொண்டு நேரே ஒன்பதாம் நாளுக்கு வந்தவர்கள் தயவுசெய்து மேலே போய் வாருங்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் வந்தேன்.

ஒன்பதோடு நிறுத்தினால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நேற்று நிறுத்தியும் விட்டேன். கீழே கோடு போட்டு அவளிடம் நீட்டினேன். அவள் ஈரத் துணியை நெற்றியிலிருந்து எடுக்காமல் வாங்கிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதுன்னு போட்டிருக்கீங்க?"

"இது நல்ல இடம்மா."

"எனக்கு இன்னும் வலிக்குதுங்க."

கோட்டை அழித்துவிட்டேன்.

நாள் 10. வலி. மாத்திரை போடலை.
நாள் 11. வலி. மாத்திரை போடலை.
நாள் 12. வலி. மாத்திரை போடலை. வேலைக்குப் போனேன்.

பதிமூன்றாம் நாளை வாசகர்களிடம் விட்டுவிடுவது இப்படிப்பட்ட கதைகளில் வழக்கம். நீங்கள் எழுத வேண்டாம். நானும் எழுதப் போவதில்லை. அவள் எழுதுவாள்.