நெஞ்சுச் சூடு

விளாங்குடியில் நைட்டி தைக்கும் எங்கள் ஷெட்டில் விடியும் முன்னே மிஷின் ஓட வேண்டும். தீபாவளி ஆர்டர். பஞ்சுத் தூசி மூக்கை அடைக்கும். தகரக் கூரை காயத் தொடங்கினால் சேலை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மோட்டார் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதைக்கூட உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

என் பக்கத்து மிஷின் முத்துமீனாவுடையது. ஏழு மாதம் அவளுக்கு. கால் இரண்டும் பூரிபோல வீங்கிக் கிடந்தன. கால் வீங்கினால் பொட்டப்புள்ளைதான் என்று கேலி பேசிக்கொண்டிருந்தோம். தலை வலிக்கிறது என்றாள், வெயில் என்றோம். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். பிரஷர் ஏறிக் கிடக்கிறது, வியாழக்கிழமை தவறாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஏரியா நர்ஸம்மா சொல்லியிருந்தார்.

அந்த வியாழக்கிழமை முதலாளி விஜய்ஆனந்திடம் அரைநாள் லீவு கேட்டாள். ஆர்டர் முடியட்டும் என்றார். தயங்கி நின்றவளிடம், போனால் அப்படியே போய்விடு, அந்த மிஷினுக்கு ஆள் ரெடியாக இருக்கிறது என்றார். படுபாவி, அவள் வயிற்றை ஒருதரம் பார்த்தாரா? அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வெயில் ஏறிய நேரம். "அக்கா, ஊசி ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். உதட்டைப் பார்த்து நான் புரிந்துகொள்வதற்குள் கை கால் வெட்டி இழுக்கச் சரிந்துவிட்டாள். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினிலிருந்து சாதிகா ஓடிவந்து தாங்கினாள். ஆட்டோவில் என் மடியில் தலை, சாதிகா மடியில் கால்.

அன்று சாயங்காலமே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பொட்டப்புள்ளைதான். அது ஒன்றில்தான் எங்கள் கணக்கு தப்பவில்லை. இரண்டு கைக்குள் அடங்கும் அந்த உயிரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். முத்துமீனா கண் திறக்கவில்லை.

சில நாள் கழித்து, இனிப் பிள்ளையை யாராவது நெஞ்சோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும், அந்தச் சூட்டில்தான் தேறும் என்றார் நர்ஸ். தாய்க்கு இன்னும் நினைவில்லை. அவளுக்கு அம்மாவும் இல்லை. புருஷன் காளையைப் பெண்கள் வார்டுக்குள் விடமாட்டார்கள். மூட்டை தூக்கும் ஆள், வராண்டாவில் நின்று அழுதான்.

"நான் பெரியம்மா" என்றாள் சாதிகா.

நர்ஸ் அவள் பர்தாவைப் பார்த்தார், காளையைப் பார்த்தார். நாளைக்குக் காலையில் குளித்துவிட்டு வா என்றார்.

மறுநாள் முத்துமீனாவின் மிஷினுக்கு ஒரு புதுப்பெண்ணைக் கூட்டி வந்தார் முதலாளி. யாராவது வந்து கேட்டால், அவள் வீட்டில் விழுந்ததாகச் சொல்லவும் சொன்னார்.

"இங்கதான் சார் விழுந்தா" என்றேன். "லீவு கேட்டா. நீங்க குடுக்கல."

"நானா புள்ள பெத்துக்கச் சொன்னேன்?"

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் சொல்லிவிட்டுப் போக வந்த சாதிகா வாசலிலேயே நின்றாள். "புள்ளைக்குச் சூடு குடுக்கப் போறேன் சார். முறை வச்சு எல்லாரும் போவோம்."

"போறவ திரும்ப வர வேணாம்."

"அவகிட்டயும் இதத்தான சொன்னீங்க."

அவள் படியிறங்கினாள். நான் சுவிட்சை அணைத்தேன். பின்வரிசையில் ஹம்சவேணி அணைத்தாள். ஒவ்வொன்றாக எல்லா மோட்டாரும் நின்றன. முத்துமீனாவின் இடம் அவளுக்கே வேண்டும், வைத்தியச் செலவை நீங்கள் ஏற்க வேண்டும், மாசமாக இருப்பவளுக்கு லீவு வேண்டும் என்றோம். அவர் எதற்கும் இறங்கி வரவில்லை. போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். எங்கள் எல்லார் வீட்டிலும் உலை இந்தக் கூலியில்தான் கொதிக்கிறது. ஆனாலும் ஒருத்தியும் சுவிட்சில் கை வைக்கவில்லை. புதுப்பெண் சுவரோரம் பையை அணைத்தபடி நின்றாள். அந்த மிஷினில் அவளும் உட்காரவில்லை.

மத்தியானம் சாதிகா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, என் நெஞ்சுலதான் கெடக்கா. கேளுங்க."

பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம். ஹம்சவேணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேஜைக்குப் பின்னால் இருந்த முதலாளிக்கும் கேட்டிருக்கும். மிஷின் ஓடியிருந்தால் எங்களுக்கே கேட்டிருக்காது.

"நாளைக்கு யாரு வாரீங்க?" என்றாள் சாதிகா.

நான் வாயைத் திறப்பதற்குள், சுவரோரம் நின்ற புதுப்பெண் கையைத் தூக்கினாள்.