சித்தப்பாவுக்கு இடது பக்கம்

திண்டிவனத்து ஜவுளிக்கடை ஒன்றில் நான்கு வருடம் பில் போட்ட கலையரசி, இனி டிசைன் வேலைதான் என்று நின்றுவிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் போய்ப் படித்தவள் அல்ல. சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிறகு ஒரு பழைய லேப்டாப்பில் கை பழகியது. தெரிந்தவர்களுக்குப் பிறந்தநாள் போஸ்டர் செய்து கொடுத்திருந்தாள். முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வந்த முதல் வேலை, சாவு பேனர்.

விழுப்புரத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்த பச்சைமுத்து, யாரிடமோ நம்பர் வாங்கி, காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார். கெடாரில் சின்னக்கண்ணு என்று ஒருவர் இறந்துவிட்டார், கடையில் டிசைன் செய்கிற ஆள் லீவு, நீ செய்து அனுப்புகிறாயா என்று கேட்டார். இறந்தவரின் மகன் இனியவன் ஒரு படம் அனுப்பினான். ஒரே மாதிரி மீசையும் ஒரே மாதிரி நெற்றியுமாக இரண்டு பேர் தோள் உரச நின்றார்கள். கூடவே குரல் பதிவு. பின்னால் ஒப்பாரி; அவன் குரலும் உடைந்திருந்தது. இடது பக்கம் என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. திரையில் இடது பக்கம் இருந்தவரை வெட்டி எடுத்து, மாலை போட்டு, கீழே பெயரும் 'கண்ணீர் அஞ்சலி' என்றும் எழுதி எட்டரைக்கு அனுப்பிவிட்டாள்.

பத்து மணிக்கு, சுவரில் ஒட்டும் போஸ்டருக்குப் பெயரும் வயதும் சரியாக வேண்டுமென்று, இனியவன் அப்பாவின் ஆதார் அட்டையைப் படம் பிடித்து அனுப்பினான். பெயரைப் பார்த்து எழுத அதைப் பெரிதாக்கினாள். அதிலிருந்த முகம் அவள் மாலை போட்ட முகம் அல்ல.

குரல் பதிவைக் காதோடு வைத்து மறுபடி கேட்டாள். "சித்தப்பாவுக்கு இடது பக்கம் நிக்கிறது அப்பா." சித்தப்பாவின் இடது கைப் பக்கம். அப்படியென்றால் பார்க்கிறவருக்கு வலது பக்கம். உயிரோடு இருக்கிற மனிதரை அவள் சாகடித்து அனுப்பியிருந்தாள்.

இனியவன் போனை எடுக்கவில்லை. பச்சைமுத்து எடுத்தார். பேனரைச் சட்டத்தில் அடித்து வண்டியில் அனுப்பியாயிற்று, கெடாருக்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்றார். விஷயத்தைக் கேட்டதும், சரியான படத்தைப் போட்டு ஜல்தி அனுப்பு என்று மட்டும் சொன்னார். ஆதார் முகத்தோடு மறுபடி மறுபடி ஒத்துப் பார்த்தாள். ஐந்து நிமிட வேலைக்கு அரைமணி நேரம் பிடித்தது. அனுப்பிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினாள்.

கடையில் புது பேனர் சுருட்டித் தயாராக இருந்தது.

"நீ போவாதம்மா. சாவு வூடு, எவனாவது கைய வெச்சிருவான். நான் ஆள் வெச்சிக் குடுத்தனுப்புறேன்" என்றார் பச்சைமுத்து.

சரி என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. ஆனால் இன்று ஓடிவிட்டால் நாளைக்கு யாருக்கும் எதையும் செய்து அனுப்பக் கை வராது என்று தோன்றியது. பேனரை வாங்கிக்கொண்டாள். கெடார் பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தாள்.

தெருமுனையில் பேனர் நின்றது. அதன் கீழே, அதே முகத்தோடு ஒருவர் தோளில் துண்டோடு நின்றிருந்தார். சுற்றி இருந்தவர்கள் அவரையும் பார்க்காமல் பேனரையும் பார்க்காமல் நின்றார்கள். அவர் மனைவி பொன்னி சட்டத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், அவர் விடவில்லை.

கலையரசி கிட்டே போனாள். "நான்தாங்க இத பண்ணேன். தப்பா கேட்டுட்டேன்" என்றாள்.

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். விழவில்லை. பொன்னிதான் சட்டத்தை விட்டுவிட்டு அவளிடம் வந்தாள்.

"மூத்தவருக்கும் இவருக்கும் நடுவுல பொறந்தது ரெண்டும் தங்கல. எமன் கண்ணுல படக்கூடாதுன்னு மண்ணாங்கட்டின்னு பேரு வெச்சாங்க. அந்த ஆளுக்கு மாலை போட்டு ரோட்டுல நிக்க வெச்சிட்டியே."

கலையரசியும் அதை நம்புகிற வீட்டில் பிறந்தவள்தான்.

மண்ணாங்கட்டி மனைவியிடம் திரும்பினார். "கீழ எங்கண்ணன் பேரு இருக்குது. ஒலக்கூர்ல இருந்து வர்ற ஜனம் பேரப் பாத்துதான் தெருவுக்குள்ள வரும். புதுசு வர்ற வரிக்கும் இது நிக்கட்டும். மூஞ்சி எவன் மூஞ்சியா இருந்தா இன்னா?" பிறகு கலையரசியின் கையிலிருந்த சுருளைப் பார்த்தார். "கொண்ணாந்துட்டியா? ஒரு பக்கம் புடி."

பழையதைப் பிரித்துவிட்டு, இருவரும் புதியதைச் சட்டத்தில் கட்டினார்கள். அவளுக்கு முடிச்சு விழவில்லை. அவரே வந்து போட்டார். அண்ணனின் முகம் சரியாக வந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தபோதுதான் அவர் அழுதார். பொன்னி பழைய பேனரிலிருந்து கணவன் முகத்தை மட்டும் அரிவாளால் அறுத்தெடுத்து, மடித்து, வீட்டுக்குள் கொண்டுபோனாள்.

அந்த வீட்டுக் காரியப் பத்திரிகை வேலை கலையரசிக்கு வரவில்லை. வேறு கடையில் கொடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவள் வருத்தப்படவில்லை. அவள் பயமெல்லாம் வேறு. தினமும் காலையில் எழுந்ததும் இனியவனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறப்பாள். மண்ணாங்கட்டியின் படம் மாலையோடு வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அம்மா அம்சாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து இனியவன் கூப்பிட்டான். முதல் தடவை அவள் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தாள். தள்ளிப்போட்டிருந்த சித்தப்பா மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள், பேனர் வேண்டும் என்றான். "சித்தி உங்களாண்ட வாணாம்னுதான் சொல்லிச்சு. சித்தப்பாதான் கேக்கச் சொன்னாரு."

"அவரு நல்லா இருக்காருங்களா?"

"கொல்லையில மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்காரு."

வெயிலில் நின்று வேர்க்கடலை பிடுங்குகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறார். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு, ஒவ்வொரு படத்தின் மேலும் அவரவர் பெயரை எழுதி அனுப்பும்படி கேட்டாள். வந்த பெயர்களைப் போனில் அவனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். அச்சடிக்கிற அன்று விழுப்புரம் போய் மெஷின் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு முகமாகப் பெயரோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் திண்டிவனம் திரும்புகிற பஸ்ஸில், மயிலம் தாண்டுவதற்குள் மூன்று தடவை போனை எடுத்து அந்தப் படங்களையும் பெயர்களையும் ஒத்துப் பார்த்துவிட்டாள்.