வாசிக்கப்படாத நியமம்

கல்யாணராமன் ஒருநாள் தன் வீட்டுப் படியேறுவார் என்று சுப்புலக்ஷ்மிக்குத் தெரியும். மூன்று வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தவளுக்கு இதுகூடத் தெரியாமல் போகுமா? வந்தவரை உட்காரச் சொன்னாள். காப்பி கொடுக்கவில்லை. ஸ்ரீவராகம் அக்ரகாரத்தில் வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் இருப்பது முகத்துக்கு நேரே திட்டுவதற்குச் சமம். அது அவருக்கும் தெரியும்.

"என் பையன் சுமந்துக்கு நிச்சயம் ஆயாச்சு. கேட்டிருப்பேள்."

"கேட்டேன். கழக்கூட்டம் ஐ.டி. கம்பெனியில அவன்கூட வேலை பாக்கற மலையாளப் பொண்ணு, ஆர்ஷா. நம்மவா இல்லையாக்கும்."

"நல்ல குடும்பம்தான்" என்றார் அவசரமாக. "கல்யாணத்தை நம்ம சமாஜம் மண்டபத்திலயே நடத்தலாம்னு..."

தெருவின் பஜனை சமாஜத்துக்குச் சொந்தமானது அந்த மண்டபம். சாவி செயலாளர் கையில் இருக்கும். இப்போது செயலாளர் சுப்புலக்ஷ்மி. மூன்று வருஷத்துக்கு முன்னால் செயலாளர் இதே மனிதர்தான்.

அன்றைக்கு அவள் மகள் மீராவுக்கும் திருநெல்வேலிப் பையன் வன்னியராஜுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் சொல்லி, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் இவர் மண்டப வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "கமிட்டி புது நியமம் பாஸாக்கியாச்சு. ஜாதி மாறின கல்யாணத்துக்கு மண்டபம் கிடையாது. நியமம்னா நியமம்தான். நான் என்ன செய்ய?" அந்த மண்டபத்துக்குக் கூரை போட வீடு வீடாக அலைந்தவர் அவள் கணவர் அனந்தநாராயணன். அவர் அன்றைக்குக் கைகட்டி நின்றதை அவள் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். சண்டைக்குப் போகப்போனவளின் கையைப் பிடித்து, "பொண்ணு கல்யாணத்தில வழக்கு வேண்டாம், சுப்பு" என்றார். தம்பானூரில் ஒரு லாட்ஜின் சாப்பாட்டு ஹாலில் மீராவுக்குத் தாலி ஏறியது. அனந்தநாராயணன் அதற்குப் பிறகு பஜனைக்கே போகவில்லை. அந்த வருஷம் கர்க்கடக மாசத்தில் செத்தும் போனார்.

சுப்புலக்ஷ்மி செக்ரட்டேரியட்டில் சட்ட இலாகாவில் தலை நரைத்தவள். பிரகடனம் என்ற சொல்லோடு அவள் குடித்தனமே நடத்தியிருக்கிறாள். நாலு பேர் கூடி ஒரு விதியைத் தீர்மானிப்பது ஒன்று. அதை ஊரறியச் சொல்லி நடப்புக்குக் கொண்டுவருவது வேறு. பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் கட்ட முடியாது. சமாஜத்தின் வழக்கமும் அதுதான். சனிக்கிழமை பஜனையில் மங்களம் பாடி முடித்ததும், சுண்டல் கொடுப்பதற்கு முன்னால், சபை நடுவில் செயலாளர் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். வாசித்த பிறகுதான் நியமம். கல்யாணராமன் வாசிக்கவே இல்லை. எப்படி வாசிப்பார்? தெருவில் பாதிப் பிள்ளைகள் கழக்கூட்டத்திலும் பெங்களூரிலும் யார் யாரையோ விரும்பிக்கொண்டிருந்தார்கள். வாசித்திருந்தால் தெருவே அவர் மேல் பாய்ந்திருக்கும்.

"ஆலோசிச்சுப் பாத்தேன்" என்று இப்போது மெல்ல ஆரம்பித்தார். "அந்த நியமம் அமலுக்கே வரல்லை, கேட்டேளா. பஜனையில வாசிச்சாத்தானே? பிரகடனம் ஆகாதது நியமம் ஆகுமோ? நீங்க சட்டம் தெரிஞ்சவா."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை சுட்டது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"இதையே சனிக்கிழமை எல்லார் முன்னாலயும் சொல்லுங்கோ. மண்டபம் தரேன்."

சனிக்கிழமை மங்களம் முடிந்தது. கல்யாணராமன் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, அந்த நியமம் ஒருநாளும் அமலில் இருந்ததில்லை என்றார்.

"அப்போ என் மீராவுக்கு எதைச் சொல்லி இல்லைன்னேள்?"

ஜால்ரா வைத்திருந்தவர் அதைச் சத்தமில்லாமல் மடியில் வைத்தார்.

"பொய்தான் சொன்னேன்" என்றார் கல்யாணராமன் கடைசியில்.

அவள் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. பாழாய்ப்போன மனசு, இன்னும் கேட்டது. இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். அவர் பாஸாக்கிய அதே தீர்மானம்.

"பாஸானதை ரத்தாக்கணும்னா பொதுக்குழு கூடணும். கூட்ட வேண்டியவ நானாக்கும். இதை வாசிக்கறது ஒண்ணுதான் பாக்கி. இப்ப வாசிச்சா இப்பவே அமல்."

கல்யாணராமனின் முகம் வெளுத்தது. பின்வரிசையில் சுமந்தின் பக்கத்தில் ஆர்ஷா உட்கார்ந்திருந்தாள். இந்தத் தமிழ் பாதி புரிந்தும் புரியாமலும் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மண்டப வாசலில் மீராவும் இப்படித்தான் திருகிக்கொண்டு நின்றாள். இந்தக் குழந்தையை அழவைக்க சுப்புலக்ஷ்மிக்கு மனசு வரவில்லை. அதற்காக அந்த ஆளை விட்டுவிடுவதா? அதற்கும் மனசில்லை.

காகிதத்தை மடித்தாள்.

"மண்டபம் தந்தாச்சு. இன்னிக்கு வாசிக்கல்லை. கல்யாணம் வரைக்கும் சனிக்கிழமை தோறும் பஜனைக்கு வாங்கோ. முன்வரிசையில, அவர் உக்காருவாரே, அந்த இடத்துக்குப் பக்கத்தில உக்காருங்கோ. ஒரு வாரம் காணல்லைன்னா வாசிச்சுடுவேன்."

கல்யாணம் தை மாசத்தில். அதுவரை ஒரு சனிக்கிழமை தவறாமல், விளக்கேற்றுவதற்கு முன்பே கல்யாணராமன் வந்துவிடுவார். பக்கத்தில் அனந்தநாராயணனின் இடம் காலியாகக் கிடக்கும். அதில் யாரையும் உட்கார சுப்புலக்ஷ்மி விடுவதில்லை. மங்களம் முடிந்ததும் அவள் எழுந்து நின்று, மூக்குக்கண்ணாடியை மாட்டி, காகிதத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமுவாள். தாளம் போட்டுக்கொண்டிருந்த கல்யாணராமனின் கை தொடையிலேயே நின்றுவிடும். அவரையும் அந்தக் காலி இடத்தையும் ஆற அமரப் பார்த்துவிட்டு அவள் சொல்வாள்:

"சுண்டல் கொடுங்கோ."